ஒரே அளவில் நூறு துண்டு
(வியாபாரிகளுக்கு ஒரு மரவேலைப் பாடம்)

அரப் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருக்கும் சகோதரர் எவரிடமாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பத்துச் சட்டைத் துண்டு ஒரே நீளத்தில் வேண்டுமென்றால், முதல் துண்டைக் கஜக்கோலால் அளந்து வெட்டிவிட்டு, இரண்டாவதை முதல் துண்டின்மேல் வைத்தும், மூன்றாவதை இரண்டாவதின்மேல் வைத்தும் வெட்டிக்கொண்டே போவீர்களா என்று கேளுங்கள். அவர் சிரிப்பார். பத்தாவது துண்டு என்ன அளவில் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். மேசை விளிம்பில் கஜக்கோலை அறைந்து வைத்திருப்பதே அதற்காகத்தான். ஒவ்வொரு துண்டும் அந்தக் கோலிடமே வந்து அளவு கேட்க வேண்டும்; பக்கத்துத் துண்டிடம் கேட்கக் கூடாது.

அதே சகோதரர் தமது கடைக்கு அடுக்குப் பலகை செய்ய ஆசாரியை அழைக்கும்போது மட்டும் இந்த ஞானத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார். மரம் என்ன விலை, கூலி எவ்வளவு என்று இரண்டு வெள்ளிக்குப் பேரம் பேசுவார். பலகைகள் எப்படி அளந்து அறுக்கப்படுகின்றன என்று ஒரு நாழிகை நின்று பார்க்கமாட்டார். நாமும் அப்படித்தான் இருந்தோம். அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறோம்.

வியாபாரிக்கு எதற்கு மரவேலை என்று கேட்கலாம். சிராங்கூன் ரோட்டையும் அதன் குறுக்குச் சந்துகளையும் சேர்ந்த நம்மவர் பலர் இருப்பது பழைய கடைவீடுகளில். 1989ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் தேதி லிட்டில் இந்தியா, பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து இக்கட்டிடங்களின் முகப்பை நம் இஷ்டப்படி மாற்ற முடியாது. மாடியிலுள்ள மர ஜன்னல்கள் பழுதானால், பழைய முறையிலேயே செப்பனிட வேண்டும். உள்ளேயோ அடுக்குப் பலகை, சாமான் பெட்டி, காட்சித் தட்டு என்று ஒரே அளவுத் துண்டுகள் இல்லாத கடையே இல்லை. நம்மில் சிலர் ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் விற்கிறோம். சிலர் கட்டிடங்களைப் புதுப்பிக்கும் குத்தகை எடுக்கிறோம். ஆகவே இந்தப் பாடம் நமக்கும் உரியதே.

மாடி ஜன்னலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். டன்லப் ஸ்திரீட்டில் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தால் அந்தச் சாய்பலகைக் கதவுகள் தெரியும். காற்றை உள்ளே விட்டு, வெயிலையும் மழைச் சாரலையும் வெளியே நிறுத்தும் நல்ல ஏற்பாடு அது. இரண்டு பக்கமும் நிற்கும் நெடுஞ்சட்டங்களில் சாய்வான பள்ளங்கள் வெட்டி, அவற்றில் மெல்லிய பலகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகியிருப்பார்கள். ஒரு கதவில் இருபது முப்பது பலகை இருக்கும். எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. ஒன்று பிசகினாலும் தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதே தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் தலைவாசல்மீது 25 நபிமார்களின் திருப்பெயர்களைத் தாங்கிய 25 கதிர்களைப் பார்த்திருப்பீர்கள். அது மரவேலையன்று. ஆனாலும் அதில் ஒரு கதிர் மட்டும் சற்றுப் பருத்திருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் கதை. நாம் வாடகைக்கு எடுத்திருந்த கடைவீட்டின் மாடியில் மூன்று ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. கதவுக்கு 28 சாய்பலகை. ஆக 168 பலகைகள், ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர் நீளம். ஒரு பட்டறையில் வேலையை ஒப்படைத்தோம். பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்த பையன் சுறுசுறுப்பானவன்தான். முதல் பலகையை டேப்பினால் அளந்து அறுத்தான். அதை அடுத்த மரத்தின்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அறுத்தான். பிறகு கைக்குக் கிடைத்தது எதுவோ அதையே வைத்து அடுத்த கோட்டைப் போட்டான். பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது கடைசியாக அறுத்த துண்டுதான்.

கோடு எப்போதும் துண்டின் வெளிப்புறத்தில் விழும். ஆகவே புதிய துண்டு பழையதைவிட ஒரு மயிரிழை கூடுதலாகவே வரும். அந்த மயிரிழை கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 28ஆவது பலகை முதல் பலகையைவிட 27 கால் மில்லி, அதாவது 6.75 மில்லி கூடிவிடுகிறது. ஆசாரிகள் கணக்கில் இரண்டு நூலுக்கும் மேலே. நெடுஞ்சட்டத்தில் பள்ளத்தின் ஆழமே 8 மில்லிதான். நீளம் கூடிய பலகை இரு பக்கச் சட்டங்களையும் வெளியே தள்ளியது. குறுக்குச் சட்டத்தின் பொருத்து மூடவில்லை. பையன் சுத்தியலால் தட்டி மூடினான். சட்டம் பிளந்தது. நீளப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சீவினான்; சிலவற்றை அதிகமாகச் சீவிவிட்டான், அவை பள்ளத்தில் ஆடின. மூன்று ஜன்னலில் ஒரு ஜன்னல்கூட ஒழுங்காகச் சேரவில்லை. மரமும் போயிற்று, முன்பணமும் போயிற்று, ஒரு மழைக்காலம் முழுவதும் ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தோம்.

பிறகுதான் ஒரு முதிய ஆசாரியைத் தேடிப் பிடித்தோம். நாகப்பட்டினத்துப் பக்கத்தவர். அவர் முதலில் கேட்டது ஒரு மரத்துண்டு, இரண்டு கிளாம்பு, அவ்வளவுதான். ரம்ப மேசையில் ஒரு நீளமான நேர்ப்பலகையைப் பொருத்தி, ரம்பப் பல்லிலிருந்து சரியாக 300 மில்லி தள்ளி அந்தத் துண்டை நிறுத்தி இறுக்கினார். பயனற்ற ஒரு பலகையை அறுத்துப் பார்த்து, அளந்து, அரை மில்லி குறைவென்று கண்டு, கட்டையை நகர்த்தி மீண்டும் அறுத்தார். மூன்றாவது தடவை சரியாக இருந்தது. நாம் டேப்பை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"பாய், டேப்பைப் பையில போடுங்க. இனிமே அதுக்கு வேலை கிடையாது" என்றார்.

"நூற்றறுபத்தெட்டையும் அளக்க வேண்டாமா, ஆசாரியாரே?"

"ஒண்ணை அளந்தாச்சே."

இதுதான் பாடத்தின் சாரம். அந்தத் துண்டைத் தடைக்கட்டை என்று சொல்லலாம். பட்டறைகளில் ஸ்டாப் பிளாக் என்பார்கள். கண்ணும் கையும் பென்சிலும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டிய வேலையை அது ஒரு தடவையிலேயே முடித்துவிடுகிறது. மரத்தின் ஒரு முனையைக் கட்டையில் முட்டவைத்து அறுத்தால் முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒன்றே. கட்டை நகராத வரையில் பிழை சேர்ந்துகொண்டே போவதற்கு வழியில்லை.

கையால் அறுப்பவர்களுக்கும் இது பொருந்தும். மூன்று பலகைகளைத் தொட்டிபோல் சேர்த்து, பக்கப் பலகைகளில் 90 பாகைக்கும் 45 பாகைக்கும் வெட்டு விட்டிருக்கும் மைட்டர் பெட்டியைப் பலர் அறிவர். ரம்பம் அந்த வெட்டுக்குள் மட்டுமே ஓடும். ஆகவே கோணம் தவறாது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு கட்டையை ஆணியடித்துவிட்டால் நீளமும் தவறாது. படச்சட்டம் செய்கிறவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான சாதனம் வேறில்லை. 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும் வரையில் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் சில்லறைக் காசுக்குப் பழங்கருவிகள் கிடைத்துவந்தன. அச்சந்தை போனதில் நமக்கு இன்னும் வருத்தந்தான். ஆனால் மைட்டர் பெட்டியை எவரும் மிச்ச மரத்தில் அரை நாளில் செய்துகொள்ளலாம்.

இந்த யுக்தியின் பெருமையை அறிய, ஒரு நிமிஷம் இங்கிலாந்துக்குப் போய்வரலாம். பாய்மரக் காலத்தில் ஒரு பெரிய போர்க்கப்பலுக்குக் கயிறு இழுக்கும் மரக் கப்பிகள் ஏறத்தாழ ஆயிரம் வேண்டியிருந்தன. எல்லாம் கைவேலை. மார்க் இசம்பார்ட் புரூனல் என்பவர் திட்டமிட்டு, ஹென்றி மாட்ஸ்லே என்ற கருவித் தொழிலாளர் செய்துகொடுத்த யந்திரங்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 1800களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டன. மரத்தைப் பிடித்து நிறுத்தும் பிடிகளும் தடைகளும் அளவைக் காத்தன. ஆள் அளக்க வேண்டியிருக்கவில்லை. 1808இல் அங்கே ஒரு வருஷத்தில் 1,30,000 கப்பிகள் செய்தார்கள். தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையைச் சாதாரண ஆட்கள் 10 பேர் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நம் ஆசாரியின் மரத்துண்டும் அந்த வம்சந்தான்.

இனிச் செய்முறையில் சறுக்கும் இடங்களைச் சொல்வோம்.

தடைக்கட்டையில் முட்டும் முனை முதலில் செங்கோணமாக இருக்க வேண்டும். கடையிலிருந்து வரும் பலகையின் முனையை நம்பாதீர்கள். அது சாய்ந்திருக்கும், வெடித்திருக்கும். எல்லாப் பலகைகளிலும் ஒரு முனையை முதலில் நேராக அறுத்து, அந்த முனையில் பென்சிலால் அடையாளமிட்டு, பிறகே அளவு வெட்டுக்கு வர வேண்டும். மூலைமட்டத்தை வைத்து ரம்பத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். ரம்பமே கோணலாக இருந்தால், நூறு துண்டும் ஒரே மாதிரிக் கோணலாக வரும். அதில் என்ன லாபம்?

அடுத்தது மரத்தூள். இதைச் சொன்னால் சிலர் நகைக்கிறார்கள். கட்டைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சிட்டிகைத் தூள் சிக்கினால் அரை மில்லி போய்விடும். அதனால் தடைக்கட்டையின் அடி மூலையைச் சற்றுச் சீவிவிடுவது வழக்கம். தூள் அந்த இடைவெளியில் ஒதுங்கிக்கொள்ளும். பலகையைக் கட்டையில் மெல்லத் தொடவைக்க வேண்டும், இடிக்கக் கூடாது. நூறு இடிகளில் எந்தக் கிளாம்பும் நகரும். பத்துத் துண்டுக்கு ஒரு முறை, புதுத் துண்டை முதல் துண்டோடு சேர்த்து நிறுத்தி, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பேதம் விரலுக்குத் தெரியும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். இதில் பணம் மட்டுமன்று, கையும் போகும்.

மேசை ரம்பத்தில் இரண்டு வழிகாட்டிகள் உண்டு. பலகையை நீளவாட்டில் கிழிக்கும்போது அதன் ஓரம் சார்ந்து செல்ல, ரம்பத்துக்கு இணையாக நிற்பது ஒன்று. அதை ஃபென்ஸ் என்பார்கள். குறுக்கே அறுக்கும்போது மேசையிலுள்ள பள்ளத்தில் வழுக்கிச் சென்று பலகையைத் தள்ளுவது மற்றொன்று. அது மைட்டர் கேஜ். அவசரக்காரர்கள் குறுக்கே அறுக்கும்போது ஃபென்ஸையே தடையாக வைத்துவிடுகிறார்கள். 300 மில்லியில் ஃபென்ஸை நிறுத்தி, பலகை முனையை அதில் முட்டவைத்து, மைட்டர் கேஜால் தள்ளுகிறார்கள். அறுபட்ட துண்டு சுழலும் ரம்பத்துக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. சற்றே திரும்பினாலும் ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் அதைக் கவ்வி, நிற்பவர் மீது வீசி எறிகின்றன. அந்த அதிர்ச்சியில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நாம் அறிந்த ஓர் இளைஞருக்கு இப்படித்தான் இரண்டு விரல்கள் போயின. ஊரில் அவர் குடும்பம் அந்தக் கையை நம்பியிருந்தது.

இதற்குப் பரிகாரமும் ஒரு மரத்துண்டே. சரியாக 25 மில்லி கனமுள்ள கட்டையொன்றை ஃபென்ஸின் முன்பகுதியில், ரம்பம் மரத்தைத் தொடும் இடத்துக்கு நன்றாக முன்னால், ஆள் நிற்கும் பக்கத்தில் இறுக்குங்கள். ஃபென்ஸை 325 மில்லியில் வையுங்கள். பலகை முனை அந்தக் கட்டையைத் தொட்டு அளவு பெறுகிறது. கேஜைத் தள்ளும்போது கட்டையை விட்டு முன்னேறிவிடுகிறது. ரம்பத்தைச் சேரும்போது அதற்கும் ஃபென்ஸுக்கும் நடுவே 25 மில்லி வெளி இருக்கிறது. துண்டு மாட்டிக்கொள்ள இடமில்லை. அல்லது நம் ஆசாரி செய்ததுபோல், மைட்டர் கேஜில் ஒரு நீளப் பலகையைத் திருகி, தடைக்கட்டையை அதிலேயே இறுக்கிவிடலாம். அப்போது நமக்கு வேண்டிய துண்டு கேஜோடு சேர்ந்து நகரும், மிச்சம் மறுபுறம் தானே விழும். எந்த முறையானாலும் ரம்பம் ஓடும்போது விழுந்த துண்டை விரலால் எடுக்க வேண்டாம், ஒரு குச்சியால் ஒதுக்குங்கள். ரம்பத்தின் மூடியைத் தொந்தரவென்று கழற்றிப் போடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு ரம்பத்தருகே போவதும், கைலியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதும் ஆபத்து. பட்டறை வைத்திருக்கும் முதலாளிகள் இந்தப் பத்தியைத் தம் ஆட்களுக்குப் படித்துக் காட்டினால் நல்லது.

சாய்பலகைகளின் நீளம் சரியாயிற்று. அவை உட்காரும் பள்ளங்கள் இன்னும் பாக்கி. 36 மில்லிக்கு ஒரு பள்ளம், மொத்தம் 28. இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சில பட்டறைகளில், வெட்டிய பள்ளத்தில் ஒரு முளையைச் செருகி, அங்கிருந்து அடுத்த பள்ளத்தை வெட்டும்படி வழிகாட்டி செய்வார்கள். பார்ப்பதற்கு மிகச் சாமர்த்தியமாக இருக்கும். ஆனால் இதுவும் பக்கத்துத் துண்டிடம் அளவு கேட்கும் அதே பழைய கதைதான்! முளையில் 0.2 மில்லி பிழை இருந்தால் கடைசிப் பள்ளத்தில் அது 5.4 மில்லி. ஆசாரி அப்படிச் செய்யவில்லை. ஒரு கோலில் 28 இடங்களையும் ஒரே முனையிலிருந்து அளந்து குறித்து, வெட்டும் விட்டுவைத்தார். இடது சட்டத்தையும் வலது சட்டத்தையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து இறுக்கி, அந்த ஒரே கோலைப் பார்த்து இரண்டிலும் குறித்தார். கோலில் ஓரிடம் சற்றுத் தவறியிருந்தாலும் இரு சட்டத்திலும் ஒரே இடத்தில் தவறும். பலகை கோணலாக நிற்காது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இடது சட்டத்தின் பள்ளங்களும் வலது சட்டத்தின் பள்ளங்களும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் எதிரெதிராகச் சாய வேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வெட்டிவிட்டு, தலையில் கைவைத்த தொழிலாளர் எண்ணிக்கையில் அடங்கார்.

மரம் வாங்கும் கணக்கில் வியாபாரிகள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. 2400 மில்லிப் பலகையில் 300 மில்லித் துண்டு எத்தனை வரும்? எட்டு என்போம். 168 துண்டுக்கு 21 பலகை வாங்குவோம். ரம்பத்தின் பல் ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லி மரத்தைத் தூளாக்கிவிடுகிறது என்பதை நாம் எண்ணவில்லை. ஏழு வெட்டுக்கு 21 மில்லி. எட்டாவது துண்டு 279 மில்லிதான் வரும். முனையை நேராக்க அறுப்பது வேறு. ஆகப் பலகைக்கு ஏழு துண்டுதான். வாங்க வேண்டியது 24 பலகை. இந்த மூன்று பலகைக்காக வேலையின் நடுவே லாரி வாடகை கொடுத்துச் சுங்கை காடுட் வரையில் போய்வந்த அனுபவம் நமக்கு உண்டு. மர ஆலைகளும் நாற்காலி மேசைத் தொழிற்சாலைகளும் திரண்டிருந்த அந்தப் பேட்டையும், 2020இல் அறிவித்த திட்டப்படி மாறிக்கொண்டு வருகிறது.

மரத்தின் சுபாவம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கடைக்குள்ளே குளிர்சாதனம் ஓடினால் உலர்ந்துவிடும். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். ஆனால் நீளவாட்டில் மிகச் சொற்பமே. அகலவாட்டில்தான் கண்டபடி ஆடும். எனவே தடைக்கட்டையில் பெற்ற நீளம் நிலைக்கும். அகலத்தை மட்டும், மரத்தைச் சில வாரம் கடைக்குள்ளேயே அடுக்கிவைத்து, அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகு அறுப்பது உத்தமம்.

அடுத்த முறை பட்டறையில் வேலை கொடுக்கும்போது, முன்பணம் நீட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இத்தனை துண்டுக்கும் அளவு எதிலிருந்து எடுப்பீர்கள்?" முதல் துண்டிலிருந்து என்று பதில் வந்தால் பாதி நிம்மதி. தடைக்கட்டையைக் காட்டினால் முழு நிம்மதி. அதெல்லாம் கண்ணாலேயே சரியாகிவிடும் என்றால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேறு பட்டறை பாருங்கள்.

நம் ஜன்னல்களை ஆசாரி முடித்த அன்று, 168 பலகைக்கு மேல் இன்னும் ஒன்று அறுத்தார். அதன் ஒரு முனையில் சிவப்புச் சாயம் பூசி, நீளத்தையும் தேதியையும் எழுதி, துளையிட்டு, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டார். எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, சாரக்காரர்களின் மூங்கில் பட்டு நடு ஜன்னலில் இரண்டு பலகை உடைந்தது. டேப்பைத் தேடவில்லை. ஆணியிலிருந்த பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். அதை வைத்துத் தடைக்கட்டையை நிறுத்தி அறுத்துக் கொடுத்தார்கள். பகல் சாப்பாட்டுக்குள் இரண்டும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. சிவப்புப் பலகை திரும்பவும் ஆணியில் தொங்குகிறது.